கிருஷ்ணாயில், பேர்லயே ஆயில் கீது!

இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் வைத்தது தீய்ந்தாலும் பரவாயில்லை, அடுத்தவள் வீட்டுக் கதையைக் கேட்டே ஆக வேண்டும் உங்களுக்கு. அதுவும் அவள் அவமானப்பட்ட கதை என்றால் பாயை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். நடுவில் எழுந்து போகக் கூடாது. மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. கோபம் மட்டும்தான் இருக்கிறது. அது அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடுகளில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷம் அது. எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கல்வராயன் மலையில் மழை பெய்தால் எங்கள் ஓடையில் தண்ணீர் வரும். பெய்யாவிட்டால் ஆடு மேயும்.

என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கொஞ்சம் நன்செய் நிலம். கருமாதி முடிந்ததுமே பங்காளிகள் கூடி உட்கார்ந்து, “பொம்பள எப்படிப் பயிர் வெப்பா?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் வைப்பேன் என்றேன். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு போகம் நான் பயிர் வைத்துப் பார்க்கலாம். தவறிவிட்டால் நிலத்தைக் கொழுந்தனார் பொறுப்பில் விட்டுவிட வேண்டும். அவர் பயிர் வைத்து, பார்த்து நெல் கொடுப்பார். ‘பார்த்துக் கொடுப்பது’ என்றால் எப்படிக் கொடுப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கொடுக்கும்போது அவர்கள் நம்மைப் பார்க்க மாட்டார்கள்.

கொழுந்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் உயிரோடு இருந்தவரை என்னிடம் ‘வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி’ என்றுதான் பேசுவார். அண்ணனைப் புதைத்த குழியிலேயே அந்த ‘ங்க’வையும் போட்டு மூடிவிட்டு வந்துவிட்டார். அப்புறம் ‘வா அண்ணி, போ அண்ணி’தான். எங்கள் தெருவில் முதல் மொபட் அவருடையது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவிப் பொட்டு வைப்பார். மொபட் வைத்திருந்ததால் உலகத்தில் சக்கரம் சுற்றுகிற எல்லாமே தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு.

நாற்றங்கால் விட்டு நாற்று பச்சை கட்டிய நேரத்தில் மறியல் வந்தது. ரோட்டில் சாய்த்த மரம் கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கிணற்று மோட்டார் நின்றுபோனது. பஸ் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, கம்பி கட்ட வருகிற ஆளும் இல்லை. வெயில் மட்டும் ஒரு நாள்கூட மறியலுக்குப் போகவில்லை. நாற்று நுனி கருக ஆரம்பித்தது. ஓடைக் குட்டையில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நானும் பிள்ளைகளும் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினோம். ஊற்றிய இடத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும்.

பக்கத்து ஊரில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு டீச்சரம்மாவிடம் கையால் தூக்குகிற சின்ன பம்பு இன்ஜின் இருந்தது. போய்க் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

“எடுத்துக்கினு போங்கக்கா. ஆனா ஆயில முச்சூடும் வடிச்சிட்டுதான் குடுக்கறன். மாட்டு வண்டில போவசொல்ல சாஞ்சிச்சின்னா எண்ணெ மேல ஏறிக்கும். அங்க போயி சமமா வெச்சி, மொதல்ல இன்ஜின் வயித்துல ஆயில ஊத்துங்க. மூடில ஒரு குச்சி கீது பாருங்க, அத வுட்டு அளவு பாருங்க. அப்புறந்தான் கயிறச் சுத்தி இழுக்கணும்.”

“கொழுந்தனாரு மொபட்டுக்கு பெட்ரோல்லயே கலந்துதான ஊத்தறாரு?” என்று கேட்டேன்.

“அது டூ ஸ்ட்ரோக்கு. பெட்ரோலோட ஆயிலும் சேந்து உள்ள போயி போற வழியெல்லாம் நனைச்சிக்கும். இது ஃபோர் ஸ்ட்ரோக்கு. இதுக்குக் குடிக்கறது தனி, நனையறது தனி. ஆயிலு ஊத்தறதுக்குத் தனியா மூடி இருந்தா அதுல கலக்கவே கூடாது. அவ்ளோதான் கணக்கு.”

எனக்கு எதையும் சமையல்கட்டு வழியாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். அதனால் இப்படி வைத்துக்கொண்டேன்: மொபட், பிசைந்து ஊட்டினால் தின்கிற குழந்தை. பம்பு, சோற்றைத் தனியாகத் தின்று, தலைக்குத் தனியாக எண்ணெய் வைத்துக்கொள்கிற பெரிய மனுஷி. டீச்சரம்மா ஒரு பாட்டிலில் ஆயிலும் கொடுத்து, காகிதத்தைச் சுருட்டி வாயை அடைத்து அனுப்பினார்கள். பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஓடைக்கரையில் இன்ஜினை இறக்குவதற்குள் கொழுந்தனார் மொபட்டில் வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. இன்ஜின் என்றால் அவர் வர வேண்டாமா! கூடவே பங்காளிகளும், வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த தெருச் சனமும் வந்தார்கள்.

“தம்பி, மொதல்ல வயித்துல ஆயிலு ஊத்தணுமாம். டீச்சரம்மா சொல்லி அனுப்புனாங்க.”

“இன்னா அண்ணி, எனக்கேவா? நான் மொபட்டு வெச்சிக்கினு கீறன்.”

அந்த இன்ஜினுக்கு இரண்டு டேங்க். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். எங்கள் பக்கம் அதைக் கிருஷ்ணாயில் என்போம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் கிருஷ்ணாயிலுக்குத் திருப்பிவிட வேண்டும். கொழுந்தனார் மொபட் பெட்டியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதை டூட்டி ஆயில் என்பார், டப்பா மேல் 2T என்று போட்டிருக்கும். டூட்டிக்குப் போகிறவர்கள் ஊற்றுகிற எண்ணெய் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை, வீட்டில் சேர்த்து வைத்திருந்த பெட்ரோலில் ஊற்றி, குலுக்கி, சின்ன டேங்கை நிரப்பினார். நான் பாட்டிலை நீட்டினேன்.

“தம்பி, இத வயித்துல ஊத்தணும்.”

“பெட்ரோல்ல ஆயிலு கலந்தாச்சி. பெரிய டேங்குல கிருஷ்ணாயிலு ஊத்தியாச்சி. கிருஷ்ணாயில், பேர்லயே ஆயில் கீது! இன்னும் யாரு வயித்துல ஊத்த சொல்ற?”

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டில் என் கையிலேயே நின்றது. காகித அடைப்புகூடக் கழலவில்லை.

கயிற்றைச் சுற்றி இழுத்தார். இன்ஜின் ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. மறுபடி இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். வேட்டி அவிழ்ந்தது, கட்டிக்கொண்டு இழுத்தார். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் கண் நாற்றங்கால் மேல்தான் இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு, “நவுரு தம்பி,” என்று கயிற்றை வாங்கி ஒரே இழுப்பு. கிளம்பிவிட்டது!

“அட, அண்ணி கைதாம்பா கை!” என்று யாரோ கத்தினார்கள். கத்தியவர் வாய் சும்மா இருந்திருக்கலாம். கொழுந்தனார் முகம் சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிப்போனது.

ஊரையே மறைக்கிற அளவுக்குப் புகை வந்தது. தண்ணீரும் வந்தது. முதல் பாத்தி நனைந்தது, இரண்டாவது பாத்தியில் தண்ணீர் நுழைந்தது. பிள்ளைகள் வாய்க்காலில் கால் வைத்துக் குதித்தார்கள். அப்போது சத்தம் மாறியது. டப்டப் என்று ஓடிக்கொண்டிருந்தது கரகரத்தது. ‘கிறீச்’ என்று ஒரு கத்து. நின்றுவிட்டது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் பாறையைக் கட்டி இழுப்பது மாதிரி இருந்தது.

கொழுந்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நான் அப்பவே நெனச்சன். தாலி அறுத்த கை. அது பட்டா ஓடுமா?”

இதை அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள் பாருங்கள், அதுதான் பெரிது. “ஆமா, இவ எதுக்கு இஸ்தா? ஆம்பளைங்க இல்லியா?” என்று ஒருத்தி சொன்னாள். அவள் பிள்ளைப்பேற்றுக்கு ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் இதே கைதான். கொழுந்தனார் வீட்டு நெல்லை அவித்த கை, அவர் வயலில் களை பறித்த கை. அப்போதெல்லாம் இந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை. இரும்பைத் தொட்டதும் வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் பங்காளிகளில் மூத்தவர் வாசலுக்கு வந்தார். “அதான் ஆவலியே, ஏம்மா புடிவாதம்? நெலத்த அவன்கிட்ட வுட்டுட்டு நிம்மதியா இரு,” என்றார். அவருக்கு என் நிம்மதியின் மேல் என்ன அக்கறை! நாற்று இன்னும் சாகவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

விடிந்ததும் இன்ஜினை வண்டியில் ஏற்றிக் கட்டினேன். ஆயில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். எனக்கு மாடு ஓட்டத் தெரியும். கள்ளக்குறிச்சிக்குத் திருப்பினேன்.

மெயின் ரோட்டில் பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன் மேலேயும் கீழேயும் ஆட்கள்.

“எங்கக்கா போற? மறியல் நடக்கறது தெரில?”

“தெரிதுப்பா. எடம் ஒதுக்கணும்னு தான கேக்கறீங்க?”

“ஆமா.”

“அப்ப மொதல்ல என் வண்டிக்குக் கொஞ்சம் எடம் ஒதுக்குங்க.”

இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களில் வயதான ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “நாங்க இன்னாத்துக்கு வெயில்ல உக்காந்துகினு கீறோம்னு தெரியுமாம்மா உனக்கு? வெளையாட்டா?” என்றார்.

எனக்கும் விளையாட்டு போய்விட்டது. “தெரியுங்க. நம்ம பங்க நாமதான் கேக்கணும், சும்மா இருந்தா எவனும் தர மாட்டான்னுதான் உக்காந்துகினு கீறீங்க. நானும் அதுக்குதான் போறன். இந்த இன்ஜின் ஓடலன்னா என் எடத்த எங்க பங்காளிங்க எடுத்துக்குவாங்க. நான் எந்த ரோட்டுல மரத்த வெட்டிப் போடறது?”

அவர் என்னையும் இன்ஜினையும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “தூக்குங்கடா,” என்றார். இன்ஜினை இறக்கித் தோளில் வைத்து மரத்தைத் தாண்டினார்கள். மாட்டை அவிழ்த்து, வண்டியை வயல் வழியாக உருட்டி அந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் போராட்டத்தில் எது சரி, எது தப்பு என்று அளக்க என் இரண்டாங்கிளாஸ் படிப்பு போதாது. பெரிய பெரிய துக்கமெல்லாம் நடந்த காலம் அது. எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு என் கையைப் பார்த்து ஒதுங்காதவர்கள் ரோட்டை மறித்தவர்கள்தான்.

கள்ளக்குறிச்சியில் மெக்கானிக் கடை பாதிக் கதவு திறந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மொபட்டில் சந்து பொந்து வழியாகக் கொழுந்தனார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அவர் சொல்வதைத்தான் மெக்கானிக் முதலில் கேட்க வேண்டுமாம்.

“யாரு ஓட்டனது?” என்று மெக்கானிக் அவரைப் பார்த்துக் கேட்டார். வண்டியில் கொண்டுவந்தவள் நான், நிற்பவளும் நான்.

“அண்ணிதாங்க இஸ்தாங்க,” என்றார் கொழுந்தனார். வெளியாள் முன்னால் ‘ங்க’ எழுந்து வந்துவிட்டது பாருங்கள்.

“பொம்பளைங்க கைல ஏங்க குடுக்கறீங்க?” என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் அடியில் ஒரு தட்டை வைத்து, இன்ஜினின் வயிற்றுத் திருகாணியைக் கழற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. விரலை விட்டுப் பார்த்தார்.

“ஆயிலு எங்க?”

“பெட்ரோல்ல கலந்துட்டனே,” என்றார் கொழுந்தனார்.

மெக்கானிக் மொபட்டைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டீங்களா? மொபட்டுக்கு வயித்துல ஆயிலே கெடையாது, கலந்தாதான் உண்டு. இதுக்குக் கலந்து ஒண்ணும் பிரயோசனம் இல்ல, பொகைதான் வரும். காஞ்ச வயித்தோட ஓட்டி உள்ள இறுக்கிக்கிச்சி. பரவால்ல வுடுங்க, அவசரத்துல எல்லாரும் செய்றதுதான்.”

அவ்வளவுதான். ‘வுடுங்க’ என்றார். முடிந்துபோயிற்று! எனக்குத் தலையிலிருந்து கால்வரை பற்றிக்கொண்டது.

“இருங்க. என் கை பட்டு நின்னுச்சின்னா அது தாலி அறுத்த கை. அவரு ஊத்தாததாலன்னு தெரிஞ்சா அது அவசரமா?” என்று பாட்டிலை அவர் பட்டறை மேல் டக்கென்று வைத்தேன். “இத ஊத்தச் சொல்லி ரெண்டு வாட்டி சொன்னன். அடைப்பப் பாருங்க, எடுக்கக்கூட இல்ல. ஊரு முழுக்க என் கைய அசிங்கம் பண்ணிட்டு வந்து கீறாரு. அதையும் அவசரத்துலதான் பண்ணாரா, கேளுங்க.”

மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார். கொழுந்தனார் மொபட் கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை.

பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விட்டு ஊறப்போட்டு, மெதுவாக ஆட்டி ஆட்டி மெக்கானிக் இறுக்கத்தை விடுவித்தார். இன்ஜின் மண்டையைக் கழற்றி உள்ளே கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்திலேயே நின்றதால் பிழைத்ததாம். கிளம்பும்போது என்னைப் பார்த்தே சொன்னார்: “அம்மா, ஒவ்வொரு வாட்டியும் குச்சியப் பாத்துட்டு கயிறப் புடிங்க.” அந்த மட்டும் சரி.

மறுபடி ஓடைக்கரை. அதே கூட்டம். கலந்த பெட்ரோலை வடித்துவிட்டு, மெக்கானிக்கிடம் வாங்கி வந்த சாதாப் பெட்ரோல் ஊற்றினேன். பாட்டில் அடைப்பை எடுத்து எல்லோரும் பார்க்க வயிற்றில் ஆயில் ஊற்றினேன். குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினேன். கயிற்றை எடுத்தபோது ஒருத்தி கிசுகிசுத்தாள்: “வேணாங்க்கா. மறுபடி எதனா ஆயிடப் போவுது. அவரு இஸ்க்கட்டும்.”

நான் சுற்றும் பார்த்தேன். கொழுந்தனார் இழுத்து ஓடினால் அவர் கை நல்ல கை, என் கை அப்படியே கெட்ட கையாக நின்றுவிடும். நான் இழுத்து ஓடாவிட்டால் நிலம் போய்விடும். கயிற்றைச் சுற்றினேன். இழுத்தேன். ஒரு தும்மல்தான். மூத்த பங்காளி தொண்டையைக் கனைத்தார். மறுபடி சுற்றி இழுத்தேன்.

டப், டப், டப் என்று கிளம்பியது. இருமல் பிடித்த கிழவன் மாதிரி ஓடியது, ஆனால் நிற்கவில்லை. புகையும் இல்லை. கடைசிப் பாத்தி நனைகிறவரை நான் பக்கத்திலேயே நின்றேன். யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். குற்றம் சொல்ல வரும்போது சேர்ந்து வருகிறவர்கள், தப்பென்று தெரிந்தால் தனித்தனியாகப் போகிறார்கள்.

நாற்றில் பாதி கருகியிருந்தது. கரண்டு வந்ததும் மிச்சத்தை வைத்து நிலத்தில் பாதி நட்டேன். பாதி நிலம் விளைந்தாலும் விளைச்சல் விளைச்சல்தானே? பங்காளிகள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீச்சரம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி இன்ஜினைக் கொண்டுபோய் விட்டேன். ஆயிலை வடித்துவிட்டுத்தான்.

கொழுந்தனார் இன்றுவரை வாயால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த போகத்துக்கு அவரே ஒரு பம்பு இன்ஜின் வாங்கினார். முதல் நாளே கிளம்பவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணி, கொஞ்சம் வந்து இழுங்க.”

‘ங்க’ திரும்பி வந்துவிட்டது! போனேன். முதலில் குச்சியைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஆயில் சரியாக இருந்தது. அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கொடுத்தேன். கோபம் தீர்ந்ததா என்றால் இல்லை. அவர் தப்புக்கு அவசரம் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அவர் என் கைக்கு வைத்த பெயரை நான்தான் இழுத்து இழுத்து அழிக்க வேண்டியிருந்தது. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, முன்பு தலையாட்டிய அதே பெண்கள் குழாயடியில் மறித்துக்கொண்டார்கள். “அப்படிப் பேசனவருக்கே போயி இஸ்து குடுத்துட்டு வரியே, வெக்கமா இல்லியா?” என்றார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்:

“இன்ஜினுக்குக் கண்ணு கெடையாதுடி. இழுக்கறவ கழுத்துல இன்னா கீது, நெத்தில இன்னா கீதுன்னு அது பாக்காது. தன் வயித்துல எண்ணெ கீதான்னு மட்டுந்தான் பாக்கும். அதோட எனக்குச் சண்டையே இல்ல. நம்ம கொழுந்தனாருதான் மொபட்டு ரகம். தாலி, ராசி, ஆயிலு எல்லாத்தையும் ஒரே டேங்குல போட்டுக் கலந்துடுவாரு. நீங்க எதுக்குடி அதப் போயி மொண்டு குடிக்கறீங்க?”